கொழும்புப் புறக்கோட்டை 1:1 மைன்கிராப்ட் உலகக் கோப்பு கிடைச்சிட்டுது. இடிக்கிறதா, தொடருறதா?

கேமன்ஸ்கேட் | வெள்ளி, இரவு 9.12

பழைய ஆக்கள் எத்தினை பேர் இன்னும் இந்தப் பக்கம் வந்து போறீங்களெண்டு தெரியேல்லை. ஒருத்தரும் வராட்டிலும் எழுதி வைக்கிறன்.

போன கிழமை வீடு மாறுறதுக்கு அலுமாரி ஒதுக்கேக்கை பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்டு கையிலை தட்டுப்பட்டது. உள்ளுக்கு 11 ஜிபியிலை ஒரு கோப்புறை, 2022 ஏப்ரல் திகதி. பிளொக் அடுக்கிக் கட்டுற விளையாட்டு மைன்கிராப்டிலை போட்டுத் திறந்தால் நான் கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கீழை நிக்கிறன். கடைசியா எங்கை நிண்டு வெளியிலை போனனோ அதே இடம்.

புதிசா வந்த ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன். 2020 மார்ச்சிலை ஊரடங்கு போட்ட நேரம், வீட்டுக்குள்ளை அடைபட்டுக் கிடந்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து புறக்கோட்டையை மீற்றருக்கு ஒரு பிளொக் கணக்கிலை கட்டத் தொடங்கினம். அதே மாசம்தான் 'பில்ட் தி ஏர்த்' எண்டு பூமி முழுக்க ஒண்டுக்கு ஒண்டு கட்டுற திட்டமும் கிளம்பினது. அதிலை சேருற அளவுக்கு எங்களிட்டை இருந்த லெப்டொப்புகளுக்குச் சக்தி இல்லை. தட்டை உலகம் ஒண்டைத் திறந்து, செய்மதிப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டு எழுப்பினம். டாம்வீதி_டிராம் எண்ட ஆள்தான் தலைமை, நாங்கள் சுருக்கமா டிராம் எண்டு கூப்பிடுறது. கோட்டை ரயில் நிலையத்திலையிருந்து கேமன்ஸ் கேட் மட்டும் வந்தது. செட்டியார் தெருவிலை பாதி. கொச்சிக்கடைப் பக்கம் கொஞ்சம்.

2022இலை நிண்டு போச்சு. ஏனெண்டு கொழும்பிலை இருந்த ஆருக்கும் விளக்கத் தேவையில்லை. 200 ரூபா சொச்சமா இருந்த டொலர் ரெண்டு மாசத்திலை 360க்கு வந்திட்டுது, சேர்வர் வாடகையோ டொலரிலை. வேங்கை அண்ணை தன்ரை வீட்டுக் கொம்பியூட்டரிலை சேர்வரை ஏத்தித் தந்தார். மார்ச் கடைசியிலை நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பிறகு ஒவ்வொருத்தரா வெளிநாடு, வேலை, கலியாணம்.

இப்ப நிலைமை இதுதான். பிரதான வீதி நடுவிலை 16க்கு 16 சதுரமா வெறும் புல்லு. ரெண்டாம் குறுக்குத் தெருவிலை சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலுக்கு முகப்பு இருக்கு, குவிமாடம் ஒண்டுகூட இல்லை. செட்டியார் தெருவிலை ரெண்டு பக்கத்தாலையும் கட்டிக்கொண்டு வந்த ஆக்கள் சந்திச்ச இடத்திலை றோட்டு 3 பிளொக் விலகி நிக்குது. தாமரைக் கோபுரத்தைப் பற்றிக் கதைக்காமல் விடுவம்.

கோப்பை இறக்க இணைப்பு இதோடை போட்டிருக்கிறன். மாசம் கொஞ்சக் காசு நான் போடத் தயார். இதைத் திருப்பி எழுப்பலாமா?


செங்கல்_12 | வெள்ளி, இரவு 9.40

அக்கா நான் புதுசு. கொட்டாஞ்சேனை. ஏ.எல். பரீட்சை எழுதிட்டு சும்மா இருக்கேன், நேரம் நிறைய இருக்கு.

கோப்பைத் தந்தீங்கல்ல, இறக்கி ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். மனசுல பட்டதச் சொல்றேன், கோவிக்காதீங்க. இதத் திருத்துறதுக்குப் புதுசாவே கட்டிரலாம். பாதிக் கட்டடத்துக்கு உள்ளே ஒண்ணுமில்ல, வெளிச்சுவர் மட்டும்தான். தகரக் கூரை எல்லாம் மண்ணிறக் களிமண்ணுல போட்டிருக்காங்க, இப்ப செம்பு பிளொக் இருக்கே, அதுல போட்டா துருப்பிடிச்ச மாதிரியே வரும். பள்ளிக்குத் தலையே இல்ல. பிரதான வீதியில தண்டவாளம் வேற ஓடுது! புறக்கோட்டையில ஏதுங்க தண்டவாளம்?

புது உலகத்துல, புது வெர்ஷன்ல, ரெண்டு மாசம் தாங்க. நல்லா இருக்கிற கட்டடத்த மட்டும் கொபி பண்ணி ஒட்டிக்கலாம்.


வெள்ளவத்தை_வேங்கை | வெள்ளி, இரவு 10.25

தம்பி, தண்டவாளம் டிராமுக்குப் போட்டது. கொழும்பிலை டிராம் ஓடினது. 1960இலை நிப்பாட்டினவங்கள். உன்ரை தாத்தாவைக் கேள்.

கேமன்ஸ்கேட், அந்த டிஸ்க் உம்மிட்டை எப்பிடி வந்தது? நான் நாலு வருசமா என்ரை கொம்பியூட்டரோடை எல்லாம் எரிஞ்சு போச்சு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்.


கேமன்ஸ்கேட் | வெள்ளி, இரவு 10.31

நீங்கள்தான் அண்ணை தந்தனீங்கள். பெற்றோல் வரிசையிலை நிக்கேக்கை. "இதை வைச்சிரும், என்ரை யூபிஎஸ் சாகப்போகுது" எண்டு.


வெள்ளவத்தை_வேங்கை | வெள்ளி, இரவு 10.33

ஓம். அது செத்துத்தான் போச்சு.


நானா_பில்ட்ஸ் | சனி, காலை 6.50

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். நான் இன்னும் இங்கதான் ஈக்கேன், மாளிகாவத்தைல. வாப்பாட கடை ரெண்டாம் குறுக்குத் தெருவுல, இப்ப நான்தான் பாக்கிறது.

செங்கல் தம்பி, பள்ளி முகப்பு நான் கட்டினது. ரெண்டரை மாசம். ஒவ்வொரு நாளும் கடைக்குப் போகக்குள்ள எண்ணிட்டு வருவேன், சிவப்பு வரி எத்தின, வெள்ளை வரி எத்தின எண்டு. லொக்டவுன் நேரம் போக ஏலாம ஈந்திச்சி, அப்ப ஃபோன்ல ஈந்த பழைய படங்களப் பெருசாக்கிப் பெருசாக்கி எண்ணினேன். தலையில்லாம ஈக்கிறது ஏனெண்டா குவிமாடம் டிராம் செய்யிறதா சொன்னார். அது மாதுளம்பழம் மாதிரி, அதுல வரி சுழண்டு போகும். ஒரு மீற்றர் பிளொக்குல சுழற்சிய எடுக்கிறது லேசில்ல. "இன்னும் சரி வரல்ல, சரி வரல்ல" எண்டே ஒரு வருசம் போக்கினார். நானும் வாயத் தொறக்கல்ல.

ஒண்டு சொல்றேன். அந்தப் பள்ளிய 1908ல தொடங்கி 1909ல முடிச்சவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. படிச்ச கட்டடக் கலைஞர் இல்ல. இந்தியாவுல ஈந்து வந்த வியாபாரிகள் காட்டின படங்களப் பாத்துத்தான் கட்டினார் எண்டு எங்கட ஆக்கள் சொல்ற. நாங்களும் படம் பாத்துத்தானே கட்டுறோம். பிந்தினாலும் பரவால்ல, தலை வைக்கத்தான் வேணும். முகப்ப இடிக்க நான் விட மாட்டேன்.


செங்கல்_12 | சனி, காலை 10.05

நானா, உங்க முகப்ப இடிக்கச் சொல்லல. அப்படியே எடுத்துப் புது உலகத்துல ஒட்டலாம்னு தான் சொன்னேன். மொத்தமா வெட்டி ஒட்டுற கருவி இருக்கே, வேர்ல்ட் எடிட், அதுல ரெண்டு நிமிஷ வேலை. ஒரு பிளொக் மாறாது.

தாமரைக் கோபுரத்தையும் பாருங்க. நிஜத்துல 350 மீற்றர். நீங்க கட்டின மைன்கிராப்ட் 1.16 வெர்ஷன்ல உயரம் 256 பிளொக்தான். தரை 4ல இருக்கு. மிச்சம் 252. அதனால கோபுரத்த நசுக்கி வச்சிருக்கீங்க, மன்னிச்சுக்கோங்க, கத்தரிக்காய் மாதிரி இருக்கு. 1.18 வந்தப்புறம் மேலே 320 வரைக்கும், கீழே கழித்தல் 64 வரைக்கும் கட்டலாம். புது உலகத்துல தரைய கழித்தல் 60ல வச்சா 350 மீற்றரும் அடங்கி 30 மிச்சமிருக்கும். பழைய உலகத்த அப்படியே புது வெர்ஷனுக்கு ஏத்தினா தரை 4லயே நிக்கும், உச்சி 34 மீற்றர் வெளியே போயிரும். கணக்கு சரிதானே?


வெள்ளவத்தை_வேங்கை | சனி, மதியம் 1.15

கணக்குச் சரி. கெட்டிக்காரன். ஆனால் நீ ஒரு பக்கத்தை மட்டும் பாக்கிறாய்.

அந்தக் கோப்புறையிலை உலகம் மட்டும் இல்லை, கோர்ப்ரொடெக்ட் எண்ட சேர்வர் செருகுநிரலின்ரை பதிவேடும் இருக்கு. ஆர், எப்ப, எந்த இடத்திலை, என்ன பிளொக்கை வைச்சது, ஆர் உடைச்சது எல்லாம் அதுக்குள்ளை. ரெண்டு வருசத்துக் கணக்கு. ஒரு சுவரைத் தட்டினால் "இது நானா வைச்சது, 2021 ஜூன், இரவு ரெண்டு மணி" எண்டு காட்டும். அது பிளொக்கோடை ஒட்டிக்கொண்டு வாற பொருள் இல்லை. இடத்தோடை ஒட்டினது. இந்த உலகம், இந்த எக்ஸ், இந்த வை, இந்த இஸட் எண்டுதான் எழுதி வைச்சிருக்கு. நீ கொபி பண்ணிப் புது உலகத்திலை ஒட்டினால் எல்லாச் சுவரும் செங்கல்_12 கட்டினதாத்தான் இருக்கும். 64 கீழை இறக்கினாலும் அதே சங்கதி. பதிவு ஆகாயத்திலை நிக்கும், கட்டடம் பாதாளத்திலை நிக்கும்.

கோபுரத்துக்கு வேறை வழி இருக்கு. விளையாட்டின்ரை அமைப்பை மாத்துற டேட்டாபேக் ஒண்டு எழுதி உலகத்தின்ரை உயரத்தைக் கூட்டலாம், 16இன்ரை மடங்கா இருந்தால் சரி. 368 ஆக்கினால் 354இலை முடியிற கோபுரம் வடிவா நிக்கும். தரையை அசைக்கத் தேவையில்லை.

ஏத்துறதுக்கு முதல் ரெண்டு பிரதி எடுத்து வேறை வேறை இடத்திலை வையுங்கோ. ஒண்டை ஆரும் தொடக்கூடாது. இதைச் சொல்லுறதுக்கு எனக்குத் தகுதி இருக்கு எண்டு நினைக்கிறன்.


செங்கல்_12 | சனி, மதியம் 1.40

பதிவேடு இருக்குன்னு தெரியாது அண்ணா. சரி.

ஆனா ஒரு கேள்வி. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில எடுத்துக்கோங்க. அப்பா பொன்னம்பல முதலியார் கட்டினத மகன் இராமநாதன் முழுசா எடுத்துட்டுக் கருங்கல்லுல திருப்பிக் கட்டினார். யாரும் அவர இடிச்சவர்னு சொல்றதில்ல. கட்டினவர்னு தான் சொல்றாங்க. திருப்பிக் கட்டுறது அவமரியாதையா?


வெள்ளவத்தை_வேங்கை | சனி, மதியம் 2.02

அவர் தகப்பன் கட்டின கோயிலைத் திருப்பிக் கட்டினவர். நீ இன்னும் எங்களுக்குச் சொந்தக்காரன் ஆகேல்லை.


கேமன்ஸ்கேட் | சனி, மதியம் 2.20

அண்ணை, தம்பியை விரட்டாதேங்கோ. இந்த ஒரு நாளிலை அவன் பார்த்த பிழைகளை நாங்கள் ரெண்டு வருசமாப் பார்க்கேல்லை.

தம்பி, அந்தக் கோயிலை நான் தொடங்கி வைச்சன். கருங்கல் எண்டதாலை கிரனைட் பிளொக் எடுத்தால் மைன்கிராப்டிலை அது இளஞ்சிவப்பு! கோயில் முழுக்கக் கருவாட்டு நிறம். பிறகு அண்டசைட்டுக்கு மாறி, தூணை எல்லாம் திருப்பிப் போட்டு, வெளி மண்டபத்தோடை நிண்டிட்டன். நீ விரும்பினால் அந்தக் கோயிலை எடு. என்ரை தூண்களை இடிக்கிறதெண்டால் இடி, என்ரை அனுமதி இதிலை எழுத்திலை இருக்கு. கேட்டிட்டுச் செய்யிறது வேறை, கேளாமல் செய்யிறது வேறை. அண்ணை சொல்ல வாறது அவ்வளவுதான்.


பேய்ரா_கரை | சனி, இரவு 8.30

இங்கே கனடா ஸ்கார்பரோவில் காலை. இந்த இழையைத் தங்கைச்சி அனுப்பினாள். பனி தள்ளிவிட்டு வந்து வாசித்தேன், தேநீர் ஆறிப்போனது.

மெனிங் சந்தை நான் கட்டியது. அதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2020 கோடையில் முடித்தேன், லொறி, மூட்டை, வாழைக்குலை, நாட்டாமி வண்டி எல்லாம் வைத்து. அதே நவம்பரில் உண்மையான சந்தையைப் பேலியகொடைக்குக் கொண்டு போய்விட்டார்கள். கட்டி முடித்து ஆறு மாதம் ஆகவில்லை, என் சந்தை பழங்கதையாகிவிட்டது. அப்போது டிராமிடம் "எடுத்துவிடவா?" என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "எடுக்காதையும். எந்த நாளிலை புறக்கோட்டை ஒரு நாளாவது அசையாமல் நிண்டது?"

ஆகவே யாராவது இதை மீளக் கட்டுவதென்றால் முதலில் முடிவு செய்யவேண்டியது வெர்ஷன் அல்ல. எந்த ஆண்டின் புறக்கோட்டை? 2020 மார்ச் என்றால் சந்தை இருக்கும், தாமரைக் கோபுரம் இருக்கும், ஆனால் மக்கள் ஏறமுடியாது, அது 2022 செப்டெம்பரில்தான் திறந்தது. இன்றைய புறக்கோட்டை என்றால் என் சந்தை போகவேண்டும். டிராம் தண்டவாளம் என்றால் 1960க்கு முன். மூன்றையும் கலந்து வைத்திருக்கிறோம். ஒரு வகையில் செங்கல் தம்பி கேட்டது நியாயம்.


நானா_பில்ட்ஸ் | சனி, இரவு 9.10

சந்தைய எடுக்காதீங்க. எங்கட கடைப் பொடியன்மார் இன்னும் "மெனிங் பக்கம் போய்ட்டு வாறேன்" எண்டுதான் சொல்ற.


கேமன்ஸ்கேட் | ஞாயிறு, காலை 11.00

பேய்ரா, உங்களைக் கண்டது சந்தோசம். என்ரை எண்ணம்: 2020 மார்ச்சையே பிடிப்பம். அண்டைக்குத்தான் தொடங்கினது, அந்த நாளுக்கு எங்களிட்டைப் படங்களும் கூட. அதுக்குப் பிறகு வந்ததைக் கட்ட ஆசைப்படுற ஆக்களுக்கு ஒரு பிரதி உலகம் தனியா திறக்கலாம். தண்டவாளத்தைப் பற்றிப் பிறகு கதைப்பம்.

செலவு விசயம். 11 ஜிபியைத் தூக்கிக்கொண்டு எந்தச் சேர்வருக்கும் போகேலாது. ஆனால் எங்கடை திட்டம் ரெண்டு கிலோமீற்றருக்கு ரெண்டு கிலோமீற்றர்தான். உலகத்தைத் துண்டு துண்டாச் சேமிக்கிற ரீஜன் கோப்பு ஒண்டு 512க்கு 512 பிளொக் எண்டால் 4க்கு 4, பதினாறு கோப்புக்குள்ளை முழுப் புறக்கோட்டையும் அடங்கும். மிச்சமெல்லாம் ஆக்கள் சும்மா பறந்து திரிஞ்ச வெறும் புல்வெளி. அதை வெட்டி எறிஞ்சால் 1 ஜிபிக்குள்ளை வரும். அப்பிடி வெட்டுற கருவி எம்சிஏ செலெக்டர் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறீங்களா?


செங்கல்_12 | ஞாயிறு, காலை 11.04

எனக்குத் தெரியும் அக்கா. நான் செய்றேன். பிரதியில தான் செய்வேன், வேங்கை அண்ணா பயப்படாதீங்க.


வெள்ளவத்தை_வேங்கை | ஞாயிறு, காலை 11.20

பயப்படுறன். ஒரு விசயம்: எல்லைக்கு வெளியிலை கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதை. ஒவ்வொரு சங்கிலையும், அதுதான் 16க்கு 16 பிளொக் துண்டு, ஆக்கள் எவ்வளவு நேரம் கிட்ட நிண்டவை எண்டு ஒரு எண் பதிஞ்சிருக்கும். அதை வைச்சு வடிகட்டிப் பார். கன நேரம் ஆள் நிண்ட இடமெண்டால் போய்ப் பார்த்திட்டு வெட்டு.


செங்கல்_12 | ஞாயிறு, மாலை 4.48

அண்ணா, அக்கா, நானா, எல்லாரும் வாங்க.

வடிகட்டினேன். புறக்கோட்டைக்கு வெளியே முழுக்க வெறும் புல். ஒரே ஒரு இடம் தவிர. வடக்கே 6,200 பிளொக் தள்ளி ஒரு திட்டு. ஆள் நின்ன நேரம் பிரதான வீதியவிட அதிகம். ஏதோ பிழைன்னு நினைச்சுத் தான் போனேன்.

குவிமாடம். வரிசை வரிசையா குவிமாடம். 34 எண்ணினேன். ஒவ்வொண்ணும் தனியா, புல்லு மேல, மாதுளம்பழத்த அறுவடை பண்ணி அடுக்கி வச்ச மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு அறிவிப்புப் பலகை. தமிழ ஆங்கில எழுத்துல எழுதியிருக்கு. சிலதக் கீழே பிரிச்சு எழுதுறேன்:

3: முட்டை மாதிரி.
9: வயிறு பெருத்திட்டுது.
14: வரி சுழலுது, ஆனால் எதிர்ப் பக்கம். மடையன் நான்.
17: 11 அகலம் காணாது. 13.
22: கொங்கிரீட் மட்டும் போட்டால் பளபளப்பு. செங்கல் கலக்கோணும்.
29: நானாவிட்டைக் கேக்கோணும், மேலை எத்தினை வரி.
33: தூரத்திலை பார்க்க சரி. கிட்டப் பார்க்க இல்லை.

34க்குப் பலகை இல்ல. அது தான் அழகா இருக்கு. உச்சியில மூணு பிளொக் இன்னும் வைக்கல.

இதத் தான் நான் வெட்டப் பாத்தேன்.


நானா_பில்ட்ஸ் | ஞாயிறு, மாலை 5.15

யா அல்லாஹ்.

29க்கு மறுமொழி நான் சொன்னேன் தம்பி. ஃபோன்ல கேட்டார், கடைக்கு வெளில நிண்டு எண்ணிச் சொன்னேன். எதுக்கு எண்டு கேக்கல்ல. வெயிலுக்குள்ள நிண்டு ஏசிக்கொண்டு எண்ணினேன்.


வெள்ளவத்தை_வேங்கை | ஞாயிறு, மாலை 5.40

அவன் ஏன் தமிழை இங்கிலீஸ் எழுத்திலை எழுதினான் எண்டு கேட்கப் போறீங்கள். பலகையிலை தமிழ் எழுதினால் கொம்பு முன்னுக்கு வராது, எழுத்துக்குப் பின்னாலை போய் நிக்கும். 'கெ' எண்டு அடிச்சால் க முதல், கொம்பு பிறகு. வாசிக்கேலாது. கடைப் பலகைகளுக்கு இதாலை பட்ட பாடு! புறக்கோட்டையிலை மூண்டு மொழியிலையும் பலகை இல்லாத கடை ஏது? கடைசியிலை பலகையைப் படமாக்கி, வரைபடச் சட்டத்திலை மாட்டிச் சமாளிச்சம். அதிலை அரைவாசி அழிஞ்சு போச்சு எண்டு நினைக்கிறன், ஆராவது பாருங்கோ. கபோஸ் லேன் மருந்துக் கடைப் பலகையள் எல்லாம் நான் ஒண்டொண்டா எழுதினது. அழிஞ்சிருந்தால் திருப்பி எழுதிறன், அதை ஆரும் தொடவேண்டாம்.


பேய்ரா_கரை | ஞாயிறு, இரவு 7.00

டிராமுடன் யாருக்காவது தொடர்பு இருக்கிறதா?


கேமன்ஸ்கேட் | ஞாயிறு, இரவு 7.22

இருந்த ரெண்டு மின்னஞ்சலுக்கும் அனுப்பினன். ஒண்டு திரும்பி வந்திட்டுது. மற்றது போயிருக்கு, பதில் இல்லை. அவர் எங்கை, என்ன நிலைமை எண்டு இந்த இழையிலை ஊகிக்காமல் விடுவம், தயவுசெய்து. வேலை செய்ய அவரின்ரை அனுமதி தேவையா எண்ட கேள்விக்கு என்ரை பதில்: உலகம் எல்லாரும் சேர்ந்து கட்டினது, தொடரலாம். அவர் தனியாக் கட்டினதை, அந்தக் குவிமாடத் தோட்டத்தையும் சேர்த்து, இருந்தபடி விடுவம். 34ஐக் கொபி பண்ணிப் பள்ளிக்கு மேலை வைக்கலாமா எண்டு நானாதான் முடிவு சொல்லோணும்.


நானா_பில்ட்ஸ் | ஞாயிறு, இரவு 9.48

வைக்கலாம். ஆனா கொபி பண்ணி ஒட்ட வேணாம். நான் பாத்துப் பாத்துக் கையால வைக்கிறேன், பதிவேட்டுல என்ட பேர் வரும், பரவால்ல. பக்கத்துல ஒரு பலகை போடுவேன், ஆருட கணக்கு எண்டு. அந்த மூணு பிளொக்குக்கு வியாழக்கிழமை கடைக்கு வெளில நிண்டு உச்சியப் பாத்துட்டுச் சொல்றேன்.


கேமன்ஸ்கேட் | திங்கள், இரவு 8.05

சரி, இனி வேலைப் பேச்சு. சேர்வர் எடுத்திட்டன், 4 ஜிபி ரேம், இப்போதைக்குக் காணும். வேங்கை அண்ணை உயர டேட்டாபேக்கும் அனுமதிகளும். புதுசா வாற ஆக்களுக்கு வேர்ல்ட் எடிட் முதல் மாசம் இல்லை, கையாலை வைச்சுப் பழகட்டும். (செங்கல், உனக்கும்தான்.) பேய்ரா தன்ரை சந்தைக்கு மட்டும் பொறுப்பு, நேர வித்தியாசத்தோடை அவர் வேறை ஒண்டும் ஏற்க வேண்டாம்.

செட்டியார் தெரு 3 பிளொக் விலகலுக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டன். நிசத்திலை அந்தத் தெருக்கள் நேர் வடக்குத் தெற்கா இல்லை, கொஞ்சம் சரிஞ்சவை. பிரதான வீதிப் பக்கத்தாலை வந்த ஆக்கள் படத்தைத் திருப்பி வைச்சு நேராக்கிக் கட்டினவை, கொச்சிக்கடைப் பக்கத்தாலை வந்த நான் திருப்பாமல் கட்டினன். பிழை என்ரை. முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிஞ்சிருக்கும். செட்டியார் தெருவிலை ஒவ்வொரு நகைக்கடைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு எடுக்கலாம் எண்டு பார்க்கிறன், அரைப் பிளொக் படிகளை வைச்சு. கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு கதிரேசன் கோயிலையும் அசைக்கக் கூடாது, அதுதான் கஷ்டம்.

வுல்பெண்டால் பக்கத்துக்கு இன்னும் ஒருத்தரும் இல்லை. ஒல்லாந்தர் தேவாலயம் மேட்டிலை இருக்கு, எங்கடை உலகம் தட்டை. மேடு எழுப்பத் தெரிஞ்ச ஆள் வேணும்.

அளவு எடுக்க வாற போயா (பௌர்ணமி) விடுமுறை அண்டு காலமை போவம். கடையள் பூட்டியிருக்கும், நடைபாதையிலை ஆக்கள் இல்லை, நாடாவைப் பிடிக்கலாம். மற்ற நாளிலை நாலாம் குறுக்குத் தெருவிலை நாடாவோடை நிண்டால் வெங்காய மூட்டை தலையிலை விழும். 6.30க்குக் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலை.


செங்கல்_12 | திங்கள், இரவு 8.11

நான் வாறேன். 50 மீற்றர் நாடா மாமாகிட்ட இருக்கு, வாங்கிட்டு வாறேன்.

அக்கா, அந்தப் பிரதான வீதிப் புல் சதுரம், அத நான் எடுத்துக்கவா? கரண்ட் போனப்ப சேமிச்சிட்டு இருந்த சங்க் கெட்டுப் போயிருக்கு, பிறகு அது தானா வெறும் தரையா உருவாகியிருக்கு. பதிவேட்டுல அந்த 16க்கு 16ல யார் யார் என்ன வச்சாங்கன்னு இருக்கு. உலகத்துல பிளொக் இல்ல, பதிவுல இருக்கு. ஒண்ணொண்ணாப் பாத்து வைக்கலாம்.


வெள்ளவத்தை_வேங்கை | திங்கள், இரவு 8.30

ரீஸ்டோர் கட்டளை ஒண்டு இருக்கு. பத்துச் செக்கன்.

சரி, விடு. கையாலை செய். பழகுவாய்.


செங்கல்_12 | புதன், இரவு 11.52

முடிச்சிட்டேன். நாலு கடை, ஒரு மின்கம்பம், நடைபாதையில ரெண்டு செருப்புக்கடைத் தட்டு. கடைகளுக்கு உள்ளேயும் பதிவு இருந்துச்சு, மேல் மாடியில யாரோ ஒரு கட்டிலும் கேத்தலும் வச்சிருந்திருக்காங்க. அதையும் வச்சேன்.

தண்டவாளம் ரெண்டு பக்கமும் வந்து அறுந்து நின்னுச்சு. பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு. 16 துண்டும் போட்டுட்டேன்.


வெள்ளவத்தை_வேங்கை | வியாழன், காலை 5.58

பார்த்தன். மேற்குப் பக்கத்திலை தண்டவாளம் ஒரு பிளொக் தெற்காலை போகுது. வண்டி விட்டால் கடைக்குள்ளை போய் இடிக்கும். திருத்து.